முப்பது பிராங்கு அதிகம்

லியோனில், க்ருவா-ரூஸ் மேட்டில்,
முன்பு பட்டுத்தறிகள் நின்ற உயரக் கூரை அறையில்
இப்போது எங்கள் அச்சு இயந்திரம் நிற்கிறது.
பன்னிரண்டு மைக்குழல்கள்.
சுவரில் ஓர் ஈரமானி, மழை நாளில் மட்டும் பொய் சொல்லும்.

இன்று திரையில் மதாம் ஒத்தில் மொர்னான்.
ஆயிரத்து எண்ணூற்று ஐந்தில் உட்கார்ந்தவள்
இன்னும் எழுந்திருக்கவில்லை.
மார்புக்குக் கீழே இறுக்கிய வெள்ளை மஸ்லின்,
ரோமாபுரிச் சிலைக்கு முடிவதுபோல் முடிந்த கூந்தல்,
முதுகுக்குப் பின்னால்
ஒன்றுமே இல்லாத ஒரு பாசிப் பழுப்பு.
நாற்காலிக் கையில் செதுக்கிய சிங்கத்தலை.
அதைவிட அவளுக்கு உயிர் கூடுதல் என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.
சதையைச் சலவைக்கல்லாக்கத் தெரிந்த காலம் அது.
வலது முன்கை நான்கு விரற்கடை நீளம்,
யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அருங்காட்சியகக் கடையின் ஆணை:
பருத்திக் காகிதம். நூற்றைம்பது பிரதி.
வெடிப்புகளை நீக்கவும்.

எட்டு மடங்கு பெரிதாக்கினால்
கன்னம் கன்னமாக இருப்பதில்லை,
நீர் வற்றிய குளத்துச் சேறு.
பக்கத்து நிறத்தை அள்ளிப்
பிளவில் வைத்துத் தடவுகிறேன்.
பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது.
இடக் கன்னம் நண்பகலுக்குள் முடிந்தது.
நெற்றியின் பாதியில்
திபோ காப்பியோடு வந்து நின்றான்.

கோப்போடு வந்திருந்த கடித நகலை
அவன்தான் உரக்கப் படித்தான்.
கணவன், பட்டு வியாபாரி, ஓவியனுக்கு எழுதியது:
உருவத்துக்கு முந்நூறு பிராங்கு.
சால்வைக்கு நாற்பது.
தழும்பில்லாமல் தருவதற்கு முப்பது அதிகம்.

அடியில், வேறொரு கையெழுத்தில்,
மை சற்றே இழுபட்டு:
ஏழு வயதில் எனக்கு அம்மை வார்த்தது.
அவ்வளவுதான்.
வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இல்லை.

சுட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
கழுத்தில் வெடிப்பில்லை. மஸ்லினில் இல்லை.
இடக் கன்னம், மூக்கோரம், மோவாய்,
அங்கேதான் மொய்த்துக் கிடந்தன.
முதலில் கண்டபடி வரைந்திருப்பான்,
கடிதம் வந்த பிறகு
வெள்ளீயத்தைக் குழைத்து மேலே அப்பியிருப்பான்.
தடித்த பூச்சு முதலில் வெடிக்கும்,
இதில் வேதியியலைத் தவிர ஒன்றுமில்லை என்றான் திபோ.
இருக்கலாம்.
இருநூறு ஆண்டு பொறுத்து
ஒரு முகம் தன் சாமானைத்
திரும்ப எடுத்துக்கொண்டது போலத்தான்
எனக்குப் பட்டது.
அதை நான் ஒரு காலைப்பொழுதில்
மறுபடி பிடுங்கியிருக்கிறேன்,
மணிக்குப் பத்தொன்பது யூரோவுக்கு.

கடைக்கு எழுதிக் கேட்டோம்.
பதில் நான்கு மணிக்கு வந்தது, மரியாதையாக:
வாடிக்கையாளர்கள் வழவழப்பை விரும்புகிறார்கள்.
நெற்றியையும் முடித்தேன்.

இயந்திரம் ராத்திரி முழுக்கப் போய் வந்தது,
கோரைப்பாயில் யாரோ புரண்டு படுக்கும் சத்தத்தோடு.
நூற்றைம்பது ஒத்தில்கள்,
இடையில் மெல்லிய தாள் வைத்து அடுக்கிவிட்டோம்.
இவர்கள் பல் மருத்துவர் வரவேற்பறைக்குப் போவார்கள்,
விடுதி நடைகூடத்துக்குப் போவார்கள்,
யாருடைய கல்யாணத்துக்கோ போவார்கள்.
போய்ப் பொழுது முழுக்க அழகாக இருப்பார்கள்.

விடியற்காலை பெருக்கும்போது
மேசையடியில் நேற்றைய சோதனைத் துண்டு கிடந்தது.
நிறம் பார்ப்பதற்காக, கை வைக்கும் முன்னால் அடித்தது:
ஒரு கண், பாதி மூக்கு, கன்னம் முழுவதும்.
மஜந்தா கொஞ்சம் தூக்கல்,
அப்போதுதான் காய்ச்சல் விட்டவள் போல.
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுக்க
திபோ அதை மடிக்கப் போனான்.
வாங்கிக்கொண்டேன்.

சோன் ஆறு தெரியும் சன்னலில்,
கிழக்குப் பார்த்து, நாடா வைத்து ஒட்டியிருக்கிறேன்.
ஒன்பது மணி வரை நல்ல வெயில் விழும்.
நேர் வெயிலில் வைக்கக் கூடாது,
கண்ணாடியில்லாமல் வைக்கவே கூடாது என்று
நூற்றைம்பது சான்றிதழிலும்
நாங்களேதான் அச்சடித்திருக்கிறோம்.